இல்லாத அறைக்கு ஒரு குளியல் தொட்டி

திரையில் தெரிந்த அந்த அறையை அழிப்பதற்கு கெங் ஹூய் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. விரல் இறங்கும் நேரம் பார்த்து முதலாளி டத்தோ தியோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கூடவே இரண்டு விருந்தாளிகள். புதிதாக வாங்கிய லேசர் யந்திரத்தைக் காட்ட ஆள் கிடைத்தால் டத்தோ லேசில் விடமாட்டார். கிடைக்காவிட்டால் தபால்காரரைக்கூட உள்ளே அழைத்துக் காட்டுவார்.

"இதுதான் அந்த டான்ஸ் ஸ்கூல் வீடா?"

"ஆமா டத்தோ. இன்னும் கொஞ்சம் சுத்தம் பண்ண வேண்டியிருக்கு..."

"இரு, இரு. கையை எடு. ஹாலுக்கு அந்தப் பக்கம் என்ன அது? இன்னொரு ஹாலா?"

கெங் ஹூய் வாயைத் திறந்தான். உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நான் அந்த வீட்டுக்குப் போயிருக்கேன்யா! அங்க ஒரே ஹால்தான். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அவ்வளவுதான்." டத்தோ சட்டென்று நிறுத்தினார். கண்கள் விரிந்தன. "கண்ணாடி! அப்போ கண்ணாடிக்குப் பின்னாடி ரூம் இருக்கு! ரூமை மறைக்கத்தான் கண்ணாடியே மாட்டியிருக்காங்க! லேசர் கண்ணாடியைத் தாண்டிப் போய் உள்ள இருக்கறதைப் பிடிச்சிருக்கு!"

விருந்தாளிகள் 'ஓ' என்றார்கள். டத்தோ சொல்வதற்கெல்லாம் 'ஓ' போடும் விருந்தாளிகளை மட்டுமே டத்தோ அழைப்பது வழக்கம்.

விஷயம் என்னவென்றால், அந்த லேசர் யந்திரம் நடுவீட்டில் மூன்று கால்களில் நின்றுகொண்டு தலையைச் சுற்றும். சுற்றும்போது நாலா பக்கமும் ஒளியை எறியும். எறிந்த ஒளி எதில் பட்டுத் திரும்புகிறதோ அங்கே ஒரு புள்ளி வைக்கும். இப்படிக் கோடிக்கணக்கில் புள்ளி வைத்து, வீட்டை அப்படியே கம்ப்யூட்டருக்குள் எழுப்பிவிடும். ஆனால் கண்ணாடியைக் கண்டால் அதற்குப் புத்தி மழுங்கிவிடும். கண்ணாடியில் தெரிவதை எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் நிஜமாகவே இருப்பதாக நம்பி, அங்கேயும் ஒரு வீட்டைக் கட்டிவிடும். கண்ணாடியில் தன்னையே கொத்தும் சிட்டுக்குருவிக்கும் அதற்கும் அறிவில் பெரிய வித்தியாசம் இல்லை, விலையில்தான்.

இது கெங் ஹூய்க்குத் தெரியாததல்ல. கோலாலம்பூரில் நடந்த பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம்: ஸ்கேன் செய்யும் முன் வீட்டிலிருக்கும் கண்ணாடிகளைத் துணி போட்டு மூடு. அவனும் ஒரு படுக்கை விரிப்போடுதான் அந்தக் கடைவீட்டுக்குப் போனான். விரிப்பை உதறிக் கண்ணாடிமேல் போடப் போனபோது வீட்டுக்காரி மேடம் ஸ்வீ லான் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"டேய்! என் வீட்டுல எவன் செத்தான்?"

எங்கள் பினாங்கில் கண்ணாடிக்குத் துணி போடுவது பிணம் கிடக்கும் வீட்டில் மட்டும்தான். சவப்பெட்டி கண்ணாடியில் தெரிந்தால் அடுத்த சாவு அந்த வீட்டிலேயே விழும் என்பது கணக்கு.

"இல்ல மேடம், மிஷினுக்காக..."

"மிஷினுக்குக் கண்ணு கூசுதுன்னா மிஷின் கண்ணுல துணியைக் கட்டு. உயிரோட இருக்கறவ வீட்டுல கண்ணாடியை மூடுவியா? அதுவும் ஏழாம் மாசத்துல, பேயெல்லாம் தெருவுல சுத்தற நேரத்துல! உங்கம்மா இதெல்லாம் சொல்லித்தான் வளர்த்தாளா?"

கெங் ஹூயின் அம்மாவும் அப்படித்தான் வளர்த்திருந்தாள். விஞ்ஞானம் படித்தவனாக இருந்தும் அவனால் அதை மீற முடியவில்லை. விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கண்ணாடிக்குள் தெரியும் பொய் அறையை ஆபீசில் போய் அழித்துக்கொள்ளலாம், அரை நிமிஷ வேலை என்று யந்திரத்தை முடுக்கிவிட்டு, ஒரு மூலையில் நின்று நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தான்.

அந்த அரை நிமிஷத்தில்தான் இப்போது டத்தோ வந்து நிற்கிறார்.

சரி, உண்மையைச் சொல்லித் தொலைத்தால் என்ன? சொல்லலாம். ஆனால் யந்திரத்தை வாங்கச் சொல்லி டத்தோவின் பின்னால் ஒரு வருஷம் அலைந்தவன் இவன்தான். "தப்பே பண்ணாது டத்தோ" என்று அடித்துச் சொன்னவனும் இவன்தான். "ஒரு தப்பு பண்ணட்டும், நீயும் அதுவும் சேர்ந்து ஃபெர்ரியில ஏறி நடுக்கடல்ல இறங்கிக்கணும்" என்று டத்தோவும் அப்போதே சொல்லியிருந்தார். போதாததற்கு, 'டிஜிட்டல் இயக்குநர்' என்ற பித்தளைப் பலகையை அவன் அறைக் கதவில் அறைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்தப் பலகையின் புண்ணியத்தில் மாமியார் வீட்டு விருந்தில் முதல்முறையாகக் கோழிக்கால் அவன் தட்டில் விழுந்தது. அதுவரை கழுத்துதான்.

"என்ன கெங் ஹூய், நான் சொல்றது சரிதானே?"

"சரிதான் டத்தோ," என்றான் கெங் ஹூய்.

டத்தோ திரையில் மூக்கை வைத்துப் பார்த்தார். "ரெண்டு ஹாலும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கு பாரு. இந்தப் பக்கம் ஃபேன், அந்தப் பக்கமும் ஃபேன். அந்தக் காலத்து ஆளுங்க எதையும் ஜோடியாத்தான் கட்டுவாங்க. ஃபெங் சுய்! அது என்ன, சுவத்துல எழுத்து?"

அது ஹாலில் தொங்கிய அரிசிக்கடைக் காலண்டர். கண்ணாடியில் விழுந்ததால் சீன எழுத்தெல்லாம் வலது இடதாகத் திரும்பியிருந்தது. டத்தோ பாதிரியார் பள்ளியில் ஆங்கிலம் படித்து வளர்ந்தவர். சீன எழுத்தில் தன் பெயரைக்கூட யாராவது காட்டினால்தான் அடையாளம் தெரியும். அதை அவர் இதுவரை ஒருவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

"ம்... ரொம்பப் பழைய எழுத்து," என்றார் கண்ணைச் சுருக்கி. "இப்போ இப்படி எழுதறதில்ல. ராஜா காலத்து எழுத்து."

விருந்தாளிகளில் ஒருவர் சீனப் பள்ளியில் படித்தவர். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து டத்தோவைப் பார்த்தார், பிறகு 'ஓ' என்றார்.

"ஐயோ! யாரோ நிக்கிறாங்க!" மற்ற விருந்தாளி இரண்டடி பின்வாங்கினார்.

நின்றுகொண்டுதான் இருந்தார்கள். பொய் அறையின் மூலையில், புள்ளிகளால் ஆன ஓர் உருவம். முகம் சரியாக விழவில்லை. தொப்பை மட்டும் ஒரு புள்ளி குறையாமல் விழுந்திருந்தது. கையில் ஏதோ பொட்டலம். நிஜ அறையிலிருந்து தன்னை அழித்த கெங் ஹூய், கண்ணாடிக்குள் நின்ற தன்னை மறந்துவிட்டான்.

டத்தோ இரண்டு கைகளையும் குவித்து மூன்று முறை ஆட்டினார். "பழைய முதலாளியா இருக்கணும். ஏழாம் மாசம் இல்லையா, வீட்டைப் பார்க்க வந்திருக்கார். உடம்பைப் பாருங்க, பசின்னா என்னன்னே தெரியாத உடம்பு. என்ன ஒரு களை!"

கெங் ஹூய் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.

போகும்போது டத்தோ குரலைத் தாழ்த்தினார். "மேடம் ஸ்வீ லானுக்கு இந்த ரூம் விஷயம் இப்போ தெரிய வேணாம். அந்த வீட்டைச் சின்ன ஹோட்டலா மாத்தித் தாங்கன்னு நம்மகிட்ட கொடுத்திருக்கு பாவம், ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும். புரியுதா?"

"புரியுது டத்தோ."

ஒன்றும் புரியவில்லை.

மறுநாளே அந்த அறைக்கு வரைபடம் போடும் வேலை பெய் யின்னிடம் போயிற்று. பெய் யின் அந்த ஆபீசில் எட்டு வருஷமாக இருக்கும் கட்டட வடிவமைப்பாளர். டத்தோவின் யோசனைகளை எல்லாம் கேட்டுக் கேட்டு அவளுக்குக் கொட்டாவி விடும் பழக்கம் வந்திருந்தது.

"கெங் ஹூய், டத்தோ இதுல ஹோட்டலோட பெரிய ரூமைப் போடச் சொல்றாரு. நடுவுல ஒரு குளியல் தொட்டியாம். இந்த ரூமுக்கு வாசல் எங்க?"

"இன்னும் கண்டுபிடிக்கல."

"ஜன்னல் இருக்கே. ஜன்னலுக்கு வெளிய என்ன தெரியும்?"

"தெரு."

"தெரு இந்தப் பக்கம்தானே இருக்கு?"

"...அது வேற தெரு."

பெய் யின் வரைபடத்தின் பக்கம் திரும்பினாள். "எனக்கென்ன வந்தது. நிலாவுல ரூம் போடச் சொன்னாலும் போடறேன். மாசம் பொறந்தா சம்பளம்." கொட்டாவி விட்டுக்கொண்டே தொட்டியை வைத்தாள்.

அவள் தொட்டியை வைத்த இடத்தில், நிஜத்தில், பிஸ்கட் கடையின் அடுப்பு இருந்தது. அந்தக் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அறையும் இல்லை, அரண்மனையும் இல்லை. பக்கத்துக் கடைவீடு. அதில் தெருவே ஆ பெக் என்று கூப்பிடும் கிழவர் ஒருவர் காலையிலிருந்து மாலைவரை பயற்றம்பருப்பு பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்தார். தொட்டியில் குளிப்பவருக்கு வெந்நீருக்குக் குறைவிருக்காது என்று கெங் ஹூய் நினைத்தான். நினைத்ததும் அவனுக்கே அழுகை வந்தது.

ஏதாவது செய்து டத்தோவின் ஆசையை ஆற வைக்க வேண்டும். அவன் போய் நின்றான்.

"டத்தோ, ஒரு சிக்கல். அது பாரம்பரியக் கட்டடம். சுவரை உடைக்க அனுமதி கிடைக்காது. பேசாம அந்த ரூமை விட்டுடலாம்."

"உடைக்க முடியாதா?"

"முடியவே முடியாது."

"அப்போ இதுவரைக்கும் யாரும் உடைச்சதும் இல்ல! உள்ள போனதும் இல்ல!" டத்தோ நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அடேய், உள்ள என்னென்ன இருக்கோ! கெங் ஹூய், உன்னைப் பெத்தவங்களுக்குக் கோயில் கட்டணும்!"

அன்றே அவர் இத்தாலியிலிருந்து வந்த ஒரு பளிங்குத் தொட்டியை வாங்கிவிட்டார். வைக்க இடமில்லாததால் அது ஆபீஸ் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தது. மழைக்காலமாதலால் ஊழியர்கள் நனைந்த குடைகளை அதில் போட்டார்கள். போகும்போதும் வரும்போதும் கெங் ஹூய் அதைப் பார்க்காமல் போகக் கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பி நடந்து, கழுத்து பிடித்துக்கொண்டது.

இனி ஒரே வழிதான். கண்ணாடியை மூடிவிட்டு மறுபடி ஸ்கேன் எடுப்பது. சுவர் சுவராக விழும். "பழைய ஸ்கேன்ல ஏதோ தூசி டத்தோ" என்று யந்திரத்தின் மானத்தையும் தன் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றிவிடலாம். மேடம் ஸ்வீ லான் வியாழக்கிழமை மதியம் மாஜோங் ஆடப் போவாள். சாவி பிஸ்கட் கடை ஆ பெக்கிடம் இருக்கும்.

வியாழன் வந்தது. மேடம் போனாள். கெங் ஹூய் சாவி வாங்கி உள்ளே போய், இருப்பதிலேயே பெரிய வெள்ளைத் துணியை எடுத்து, கண்ணாடியை மேலிருந்து கீழ்வரை மூடினான். உள்ளே புழுங்கியதால் வாசல் கதவைத் திறந்து வைத்தான். யந்திரம் தலையைச் சுற்ற ஆரம்பித்தது.

அந்தப் பக்கமாகக் கூடையோடு போன ஓர் ஆன்ட்டி, திறந்த கதவு வழியே எட்டிப் பார்த்தாள். வெள்ளைத் துணி போட்ட கண்ணாடியைப் பார்த்தாள். கூடை கீழே விழுந்தது.

"ஐயோ, ஸ்வீ லான்!"

யந்திரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் தெருவில் பாதி வாசலுக்கு வந்துவிட்டது. ஆ பெக் மாவுக் கையோடு ஓடி வந்தார். "காலையிலகூட எங்கிட்ட பிஸ்கட் கருகிருச்சுன்னு சண்டை போட்டாளே! அது கடைசிச் சண்டைன்னு தெரிஞ்சிருந்தா வேற பிஸ்கட் கொடுத்திருப்பேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். தலை வெள்ளையானது.

"இல்லைங்க அங்கிள், கேளுங்க..."

"நீ பேசாத தம்பி, உனக்கு அதிர்ச்சி. உட்காரு. யாராவது இவனுக்குத் தண்ணி கொடுங்க."

"அவங்க நல்லா இருக்காங்க, மாஜோங்..."

"நல்லாத்தான் இருப்பா. போன இடத்துலயும் மாஜோங் இருக்கும்."

தெருச் சங்கத்துக்காரர்களின் சுறுசுறுப்பைச் சாதாரணமாக யாரும் பார்த்ததில்லை. சாக்கடை அடைத்தால் வருஷக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். சாவுக்கு மட்டும் பறந்துகொண்டு வருவார்கள். யந்திரம் கடைசிச் சுற்றை முடித்தபோது வாசல் நடைபாதையான ஐந்தடியில் கூடாரத்துக்குக் கம்பு வந்துவிட்டது, மலர்வளையம் வந்துவிட்டது, சாவு மொய் வைத்த வெள்ளை உறைகளை வாங்கிப் பெயர் எழுத ஓர் ஆள் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டான். இரண்டு ஆன்ட்டிகள் அழுதுகொண்டே சாப்பாட்டுக்கு யாரிடம் சொல்வது என்று சண்டை போட்டார்கள்.

இந்த நேரத்தில் மேடம் ஸ்வீ லான் ஜெயித்த சந்தோஷத்தில் கைப்பையை ஆட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

ஆ பெக் பின்னால் சாய்ந்து, கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

மேடம் யாரையும் பார்க்கவில்லை. நேராக மலர்வளையத்திடம் போய்த் தன் பெயரைப் படித்தாள். அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இந்தச் சங்கத்துக்கு எத்தனை வருஷம் நான் பாட்டும் டான்ஸும் சும்மா நடத்திக் கொடுத்திருக்கேன்! எனக்கு இத்தனூண்டு வளையம்! மீன்கடைக்காரன் செத்தப்போ கதவு உசரத்துக்கு வச்சீங்களேடா!"

சங்கத்துக்காரர்கள் கம்புகளைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். வெள்ளை உறைக்காரன் மேசையோடு ஓடினான். மேடம் உள்ளே வந்தாள். வெள்ளைத் துணியைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் ஒளிய முயன்ற கெங் ஹூயின் காதைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"என்னை உயிரோட கொன்னுட்டியேடா!"

"மேடம், மன்னிச்சுக்குங்க, என் வேலை போயிடும் மேடம், அதான்..."

"உன் வேலை போகாம இருக்க நான் சாகணுமா? என்ன எழவுக்குடா இந்தத் துணி?"

அப்போதுதான் அவள் கண்ணில் மேசைமேல் திறந்திருந்த மடிக்கணினி பட்டது. திரையில் பழைய ஸ்கேன். ஹாலுக்கு அப்பால் ஹால். மூலையில் தொப்பைக்காரன்.

"இது என்ன?"

"உங்க வீடுதான் மேடம். மிஷின் பார்த்தது."

மேடம் காதை விட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு இவ்வளவு பெரிய வீடா?" என்றாள் மெதுவாக. "உங்க டத்தோ இதைப் பார்த்தாரா?"

"பார்த்தார் மேடம்."

"பார்த்துட்டு என்ன சொன்னார்?"

காது எரிந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் ரகசியம் காக்கும் தெம்பு அவனிடம் இல்லை. "பின்னாடி ரூம் இருக்குன்னு சொன்னார். உங்ககிட்ட சொல்ல வேணாம்னும் சொன்னார்."

மேடம் திரையை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு எழுந்து போய் அவனுக்குக் கோப்பி கலக்கிக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு தட்டில் பிஸ்கட்.

"சாப்பிடு தம்பி. பயந்துட்டே பாவம். காது வலிக்குதா?"

"இல்ல மேடம்."

"நல்ல மிஷின்டா உன் மிஷின். நான்தான் அன்னைக்குத் தெரியாம திட்டிட்டேன். இன்னும் ரெண்டு எடுத்துக்க."

பெரிய மனசு என்று கெங் ஹூய் உருகிப் போனான். தன்னைப் படைத்தவன்மேல் இத்தனை நாளில் முதல்முறையாக அவனுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. பிஸ்கட் சட்டைப்பையில்கூட இரண்டு போட்டுக்கொண்டான்.

மறுநாள் புது ஸ்கேனைத் தூக்கிக்கொண்டு டத்தோவிடம் போனான். டத்தோ தனியாக இல்லை. கறுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஓர் ஆள் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"டத்தோ, மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த ரூம் இல்ல. வெறும் சுவர்தான்."

டத்தோ பார்த்தார். "அதெப்படி? போன தடவை இருந்துச்சே?"

"அது... தூசி."

"தூசியில ஃபேன் தெரியுமா? காலண்டர் தெரியுமா? பழைய முதலாளி தெரிவாரா?" டத்தோ யோசித்தார். திடீரென்று சிரித்தார். "நேத்து அந்த வீட்டுக் கண்ணாடிக்கு எவனோ துணி போட்டு ஊரே அழுததாமே. ஃபோன் மேல ஃபோன். நீதானா அது?"

"...நான்தான் டத்தோ."

"அட முட்டாள்! துணியால மூடினா லேசர் எப்படிடா உள்ள போகும்? கண்ணாடின்னா போகும். துணின்னா நின்னுடும். கம்ப்யூட்டர் படிக்காத எனக்கே புரியுது, டிஜிட்டல் இயக்குநருக்குப் புரியல! பேரு மட்டும் பித்தளையில!"

இந்தத் தர்க்கத்துக்கு எதிராகச் சொல்ல உலகத்தில் ஒரு வாதம்தான் இருந்தது. அது உண்மை. அதைச் சொன்னால் ஃபெர்ரியில் ஏற வேண்டும். கெங் ஹூய் பிடித்துக்கொண்ட கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

"இப்போ இவர் முன்னாடி ஒரே வார்த்தையில சொல்லு," டத்தோ கறுப்புப் பைக்காரரைக் காட்டினார். "மிஷின் தப்புப் பண்ணுமா?"

"பண்ணாது டத்தோ."

"அந்த ரூம் இருக்கா, இல்லையா?"

வெளியே வரவேற்பறையில் யாரோ தொட்டிக்குள் குடையை எறியும் சத்தம் கேட்டது. கெங் ஹூயின் கண் முன்னால் பித்தளைப் பலகையும் கோழிக்காலும் வந்து போயின.

"இருக்கு டத்தோ."

"சத்தமா."

"இருக்கு டத்தோ!"

கறுப்புப் பைக்காரர் தலையசைத்து, பையிலிருந்து ஏதோ பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். டத்தோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குப் பிறகு பல நாள் அந்த அறையைப் பற்றி ஆபீசில் பேச்சே எழவில்லை. கெங் ஹூய்க்குக் கழுத்துப் பிடிப்பு மெல்ல விட்டது. டத்தோவின் ஆசைகள் சாதாரணமாக இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. இதுவும் போய்விட்டது, பிழைத்தோம் என்றுதான் அவன் நினைத்தான்.

மாதக் கடைசியில் டத்தோ சம்மட்டி ஒன்றுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை நல்ல நாள். சுவரை உடைக்கிறோம். பத்திரிகைக்காரங்க வர்றாங்க. நீ மிஷினோட வந்து முன்னாடி நில்லு. புது சட்டை போட்டுக்க."

"சுவரையா? அனுமதி?"

"அதெல்லாம் வாங்கியாச்சு."

திங்கட்கிழமை நடக்கப் போவது கெங் ஹூய்க்கு அப்படியே தெரிந்தது. பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க, சுவர் விழ, அந்தப் பக்கம் தட்டு நிறைய பிஸ்கட்டோடு ஆ பெக் நின்று இந்தப் பக்கம் பார்ப்பார். பக்கத்தில் யந்திரமும் புதுச் சட்டையும் இவனும் நிற்பார்கள். மறுநாள் காலை அந்தப் படத்தை மாமியார் பேப்பரில் பார்ப்பாள்.

டத்தோவிடம் சொல்லும் தைரியம் இந்த ஜென்மத்தில் வராது. ஆனால் மேடம் ஸ்வீ லான்! நல்ல மனுஷி, கோப்பி கொடுத்தவள். காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். வீட்டுக்காரி "என் சுவரைத் தொடாதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் டத்தோவால் ஓர் ஆணிகூடப் பிடுங்க முடியாது. இவன் வேலையும் தப்பும், யந்திரமும் தப்பும். இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தான். 'மேடம், அது ரூம் இல்ல, உங்க கண்ணாடி. நான் பொய் சொல்லிட்டேன். நீங்கதான் காப்பாத்தணும்.' விளக்கு சிவப்பில் நின்றபோது சத்தமாகவே சொல்லிப் பார்த்தான். பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் சற்று நகர்ந்துகொண்டார். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. உண்மை பேசுவது இவ்வளவு சுகம் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

கடைவீட்டின் முன்னால் ஒரு லோரி நின்றது. நாலைந்து ஆட்கள் கம்பளியில் சுற்றிய அகலமான பலகைகளைப் பிள்ளைத்தாய்ச்சியைத் தாங்குவதுபோலத் தாங்கிக்கொண்டு வந்து ஏற்றினார்கள். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே ஹாலில் ஒரு சாமான் இல்லை. கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் சுவர், பழைய சுண்ணாம்போடு நின்றது.

பிஸ்கட் கடை ஆ பெக் ஐந்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், மேடம் எங்க?"

"ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டா, பெர்த்துல மக வீட்டுக்கு. நேத்துதான் பிளேன் ஏறினா. போறப்போ என் பிஸ்கட் நல்லா இருக்குன்னா, தெரியுமா? முதல் தடவை."

"எப்ப வருவாங்க? அவசரம் அங்கிள்! டத்தோ திங்கக்கிழமை இந்தச் சுவரை உடைக்கப் போறாரு. வீட்டுக்காரங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் நிறுத்த முடியும்!"

ஆ பெக் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டுக்காரரே அவருதானே தம்பி, ரெண்டு வீட்டு விலை கொடுத்து வாங்கியிருக்காரே, தனக்குக் கண்ணாடி மட்டும் போதுமாம், உள்ள இருக்கற ரூமை டத்தோவே வச்சுக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டா ஸ்வீ லான்."